கண்ணை மூடிப் பாடியவர்

ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தானே முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறான் என்றால், வாங்குகிறவன் முதலில் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் பஞ்சு வாங்குவது அப்படித்தான். மூட்டையின் வாய்ப் பக்கம் எப்போதும் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். கையை நடுவில் விட்டு ஒரு பிடி எடுத்து, இழை பிரித்துப் பார்த்தால்தான் விற்க வந்தவனுடைய யோக்கியதை தெரியும். என் அக்கா புருஷர் சுந்தரராஜுலு இந்த வித்தையை மீசை முளைக்கும் முன்பே கற்றவர். இரும்பு வாங்கினாலும் தட்டிப் பார்ப்பார், எருமை வாங்கினாலும் தட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஆர்மோனியம் வெங்கடபதியின் சுயசரிதையை மட்டும் ஒரு தட்டும் தட்டாமல் கட்டுக் கட்டாக வாங்கிவிட்டார்.

வெங்கடபதி யார் என்று கேட்கிற தலைமுறை ஒன்று இப்போது வந்திருக்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் ஐம்பது, ஐம்பத்தொன்றில் எங்கள் ஜில்லாவில் நாடகம் என்றால் ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்று எவரும் கேட்க மாட்டார்கள். ஆர்மோனியம் யார் என்றுதான் கேட்பார்கள். மேடையின் ஓரத்தில் வெங்கடபதி பெட்டியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் நடுவில் கிரீடத்தோடு நிற்கிற ராஜா, சேவகன் மாதிரி ஆகிவிடுவார். இரண்டு காலாலும் பெடலை மிதிப்பார். தோள்வரை வளர்த்த முடியை ஒரு சிலுப்புச் சிலுப்புவார். கண்ணை இறுக மூடிக்கொண்டு மேல் ஸ்தாயியில் ஒரு பிடி பிடித்தால் கொட்டகைத் தகரம் நடுங்கும். பல்லடத்துச் சலூனில் ‘வெங்கடபதி கிராப்பு’ என்று போர்டே எழுதி வைத்தார்கள். காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்காரர் மகன், அவரைப் போலவே கண்ணை மூடிப் பாடிக்கொண்டு சைக்கிள் விட்டுக் கிணற்றில் விழுந்தான். பிழைத்துக்கொண்டான். அப்பன் தூக்கிக் கரையேற்றி, முதல் காரியமாக முடியை வெட்டினார்.

அந்தக் கண் மூடல்தான் வெங்கடபதியின் பெரிய சரக்கு. சரஸ்வதி அவருக்குள் வந்து உட்காருகிறாள், அவளைப் பார்க்கத்தான் மூடுகிறார் என்று பக்தர்கள் சொன்னார்கள். பக்தர்களில் தலைமைப் பக்தர் என் மச்சான். அப்போது அவருக்கு இரும்புச் சாமான் கடை. நாடகக் கம்பெனி பல்லடம் போனால் கடையைப் பூட்டிக்கொண்டு பல்லடம் போவார். காங்கேயம் போனால் காங்கேயம். எங்கே போனாலும் முதல் வரிசை, நடு நாற்காலி. பாட்டு ஆரம்பித்ததும் அவர் தலை ஆட ஆரம்பிக்கும். அந்தத் தலை ஆடினதைப் பார்த்துப் பின்னால் இருக்கிறவர்கள் ஆட்டுவார்கள்.

கொடுமுடியில் நாடகம் முடிந்து எல்லாரும் காவிரிப் படித்துறையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது வெங்கடபதி என் மச்சானின் தோளில் கையைப் போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். “நாயுடு, உங்க தலையாட்டலைப் பாத்துத்தான் நான் பாடறேன்” என்றார்.

ஒரு வாக்கியம்தான். சும்மா கொடுத்தது. என் மச்சான் அதைப் பன்னிரண்டு வருஷம் வைத்துப் பிழைத்தார். சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். பேங்கு ஏஜெண்டிடம் சொன்னார். மோட்டார் பம்பு கேட்டு வந்த விவசாயிகளிடம், விலை சொல்வதற்கு முன்னால் இதைச் சொன்னார். கோயமுத்தூர் வியாபாரிகளில் அந்த வாக்கியத்தைக் கேட்காதவர் யாராவது இருந்தால் அவருக்குக் காது கேட்காது என்று அர்த்தம்.

அந்த வாக்கியத்துக்கு வட்டி போல வெங்கடபதி ஒரு வாரம் தங்குகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்கினார். அந்த மாதம் அந்தத் தெருவில் கோழி கூவிப் பொழுது விடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கூவ ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. என் அக்கா ரங்கநாயகியின் கைப்பக்குவம் அப்படி; வெங்கடபதியின் பசியும் அப்படி.

அப்புறம் சினிமா வந்து நாடகத்தைத் தின்றது. வெங்கடபதி மெட்ராஸுக்குப் போனார். சில படங்களில் பாடினார். அவை ஓடியதைவிட வேகமாக அவர் பெயர் ஓடிப்போயிற்று. என் மச்சான் மட்டும் மறக்கவில்லை. அறுபத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதத்தில், பீளமேட்டில் சொந்தமாக இரும்பு வார்க்கிற பவுண்டரி திறக்க நாள் குறித்தார். திறந்து வைக்க மந்திரி வேண்டாம், கலெக்டர் வேண்டாம், வெங்கடபதி வேண்டும் என்று நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்த் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்தார். எங்கள் பக்கம் அந்தத் தட்டை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். கொடுத்தவன் வீட்டில் இடி விழுந்தாலும் அழைப்பு அழைப்பே.

தட்டை வாங்கிக்கொண்ட கையோடு வெங்கடபதி, தாம் எழுதிய புத்தகம் அச்சாகி வந்திருப்பதைச் சொன்னார். ‘நாதக் கடலில் நான்’ என்று பெயர். அட்டையில் பொன்னாடையும் பழைய முடியுமாக அவர் படம். என் மச்சான் உருகிப் போய், திறப்பு விழாவுக்கு வருகிற எல்லாருக்கும் தாம்பூலப் பையில் ஆளுக்கொரு பிரதி என்று அங்கேயே பேசி முடித்தார். ஊருக்கு வந்து அழைப்பிதழிலும் அச்சடித்துவிட்டார். படிப்பதைத்தான் தள்ளிப் போட்டார். நல்ல நாள் பார்த்து, குளித்து, தம் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் கோடு போடச் சிவப்புப் பென்சிலும் சீவி வைத்துக்கொண்டு, விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது உட்கார்ந்தார்.

அன்று மத்தியானம் எனக்கு ஆள் வந்தது. போனால் மனிதர் குடோனில், புத்தகக் கட்டுகளுக்கு நடுவில், கவிழ்த்துப் போட்ட பம்பு மேல் உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பென்சில் சீவினபடியே இருந்தது.

“மாப்ளே, கதவைச் சாத்து.”

சாத்தினேன்.

“கொடுமுடில நீ பக்கத்துல நின்னியா, இல்லியா?”

“நின்னனுங்க மச்சான்.”

“அவுரு என்ன சொன்னாரு?”

“உங்க தலையாட்டலைப் பாத்துத்தான் பாடறேன்னாரு.”

“செரி. இதைப் படி. சத்தமாப் படிக்காதே, கெரகம், செவுத்துக்குக்கூடக் கேக்க வேண்டாம்.”

படித்தேன். புத்தகத்தில் இருந்தது இது:

‘கோயமுத்தூரில் ஓர் இரும்புக் கடைக்காரர் இருந்தார். பெயர் நினைவில்லை. எங்கு நாடகம் நடந்தாலும் முதல் வரிசையில் வந்தமர்ந்து தலையை ஆட்டுவார். தாளம் ஒரு திசையில் செல்லும். அவர் தலை வேறொரு திசையில் செல்லும். அதைப் பார்த்தால் என் பாட்டே குலைந்துவிடும். ஆகவேதான் கண்களை இறுக மூடிக்கொண்டு பாடும் வழக்கத்தை நான் மேற்கொண்டேன். ரசிகர்கள் அதனைத் தெய்விகம் என்று போற்றினர். உண்மையில் அது, அந்த இரும்புத் தலையிடமிருந்து தப்ப நான் கண்ட உபாயமே.’

“முடிச்சுட்டியா? இப்ப முன்னாடி திருப்பு. அந்த ஆனை வாற எடம்.”

திருப்பினேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு காட்டு யானை அவர் காரை மறித்ததாம். இவர் இறங்கி நின்று ஒரு விருத்தம் பாடினாராம். அப்புறம் தாளத்தோடு ஒரு பாட்டு. யானை இரண்டு காதையும் இம்மியும் பிசகாமல் தாளத்துக்கு அசைத்துவிட்டு, வழிவிட்டுப் போனதாம்.

“ஆனைக்குத் தாளம் இருக்குதாம், மாப்ளே” என்றார் மச்சான். “எனக்கு இல்லியாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், போய்விட்டது. கடை எரிந்தவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

மற்ற பக்கங்களையும் அங்கேயே நின்றுகொண்டு புரட்டினேன். பிறந்தபோது ஜன்னலில் குயில் வந்து உட்கார்ந்ததாம். தொட்டிலிலேயே சுருதி சேர்ந்ததாம். ஏதோ ஒரு ஜமீன்தார், பாதி ஜமீனை எழுதித் தருகிறேன் என்று காலைப் பிடித்தாராம். இவர் ‘நாதம் விலைபோகாது’ என்று சொல்லிவிட்டு நடந்தே ஊர் திரும்பினாராம். பொய் சொல்வதில் எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. எங்கள் தொழிலில் அது அச்சுக்குப் போடுகிற எண்ணெய். அளவோடு விட்டால் வண்டி ஓடும். இந்த மனுஷர் வண்டியையே எண்ணெயில் முக்கி வைத்திருந்தார். அதைக்கூட மன்னிக்கலாம். விற்க உட்கார்ந்தவன், வாங்க வந்தவனையே கேலி செய்கிறானே, அதுதான் தாங்கவில்லை. ஒரு வெற்றிலைக் கடைக்காரனுக்குத் தெரிந்தது நாதக் கடலுக்குத் தெரியவில்லை.

“இந்தக் கட்டையெல்லாம் எரிச்சுப்போடலாமா?” என்றார் மச்சான்.

“எரிச்சுட்டு? பத்திரிகைல புஸ்தகம் குடுப்பம்னு போட்டிருக்கறீங்க. ஊரே கேக்கும்.”

“பார்சல் வந்து சேரலைன்னு சொல்லிப்போடறேன். அந்தாளு ஊருக்குப் போவட்டும். பொறகு எரிச்சுக்கலாம். பன்னெண்டு வருசமா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறன் மாப்ளே. அந்தப் பக்கத்தை ஒருத்தன் படிச்சாப் போதும், மார்க்கெட்டுல என்ற பேரு இரும்புத் தலைதான். பேரன் காலத்துக்கும் அதேதான்.”

அது உண்மைதான். எங்கள் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே ‘ங்க’ போட்டுப் பேசுவார்கள். முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைப்பார்கள். ஒரு முறை வைத்துவிட்டால் அதுதான் கம்பெனிப் பெயர்.

கதவு திறந்தது. மோர்ச் செம்போடு அக்கா நின்றாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். “என்னை எழுதியிருக்கறாங்களா?” என்றாள்.

நான் தேடி எடுத்துப் படித்தேன். ‘அந்த இல்லத்தில் நான் கம்பங்கூழும் பச்சை மிளகாயும் தவிர வேறெதையும் தொட்டதில்லை. வேறு ஏதும் அவர்களால் இயலவுமில்லை, நான் கேட்கவுமில்லை. எளிமையே என் விரதம்.’

அக்காவுக்குக் கோபம் வந்தால் மட்டும்தான் வீட்டுத் தெலுங்கு வாயில் வரும். அன்று நல்ல சுத்தமான தெலுங்காக வந்தது. அதை இங்கே எழுத முடியாது. மூச்சு வாங்கிவிட்டுத் தமிழுக்குத் திரும்பினாள். “வரட்டும். வீடு தேடி வாற ஒறம்பரையை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க தலையைப் பாத்துக்கங்க.”

தலையைப் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். திறப்பு விழா அன்று பொழுது சாய்ந்ததும் வெங்கடபதி பாடப்போகிறார். மச்சான் முதல் வரிசையில் உட்கார்ந்தாக வேண்டும். பாட்டுக் கேட்டால் தலை ஆடும். புத்தகத்தைப் படித்தவன் யாராவது ஒருத்தன் அங்கே இருந்தால் தீர்ந்தது.

“சந்தை முகம் வெச்சுக்கங்க மச்சான்” என்றேன்.

காங்கேயம் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போய்விடும். விரலைப் பிடித்து விலை சொல்வார்கள்; விரலை மடக்கிக் குறைப்பார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. ஆகவே துண்டுக்குள் கொலையே நடந்தாலும் முகம் அசையக் கூடாது. தலை அசைந்தால் தரகனாக இருக்க லாயக்கில்லை. நாங்கள் எல்லாம் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

“பாட்டுன்னு நெனைக்காதீங்க. ஆரோ ஒருத்தன் துண்டுக்குள்ள கையை வெச்சு, ஆகாத வெலை கேக்கறான்னு நெனைச்சுக்கங்க.”

வீட்டுக்குள் கிராமபோனில் வெங்கடபதியின் பழைய தட்டை வைத்துப் பழக்கினேன். முதல் நாள் தட்டு சுற்றுவதற்கு முன்பே தலை ஆட ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் நாள் தாடைக்குக் கையை முட்டுக் கொடுத்தார். தலைக்குப் பதில் முழங்கை ஆடியது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. “செத்தவன் மாதிரி இருக்குது மாப்ளே” என்றார். அதுதான் வேண்டும் என்றேன்.

துணைக்கு முதல் வரிசை முழுவதையும் சந்தைக்காரர்களால் நிரப்பினேன். நடுவில் மச்சான். அவர் வலது பக்கம் நான். இடது பக்கம் காங்கேயத்து மாட்டுத் தரகர் மருதாசலம். மருதாசலத்தின் முகத்தில் என்ன ஓடுகிறது என்பது அவர் பெண்டாட்டிக்கே இன்னும் தெரியாது.

விழா அன்று காலை வெங்கடபதி ரயிலை விட்டு இறங்கினார். தோள்வரை இருந்த முடி காதோரத்துக்கு வந்து, அங்கேயும் மை தடவிக் காவல் வைக்கப்பட்டிருந்தது. என் மச்சானைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து, “முதலாளி!” என்றார். பெயர் மறந்தவர்களுக்கு அந்த வார்த்தையைப் போலச் சௌகரியம் வேறு கிடையாது.

காரில் ஏறியதும், “புஸ்தகமெல்லாம் வந்துருச்சா?” என்று கேட்டார்.

“பார்சல் எங்கியோ நின்னுபோச்சுங்க” என்றார் மச்சான். “எனக்குக் குடுத்ததை மட்டும் படிச்சனுங்க.”

“எப்படி இருந்துது?”

“நீங்களே எழுதுனதுங்களா?”

“என் கைப்பட எழுதினேன் முதலாளி. ஒரு வரி பிறத்தியார் எழுதினதில்லை.”

“அதானுங்க கேட்டேன்” என்றார் மச்சான்.

வெங்கடபதி சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அந்த இரும்புத் தலை என்று அவருக்குத் தெரியவே இல்லை. வைதது ஞாபகம் இருக்கிறது. யாரை வைதோம் என்பது மறந்துவிட்டது. பெரிய கலைஞர்.

ரிப்பன் வெட்டினார், உலையைத் தொட்டுக் கும்பிட்டார், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். அக்கா அவருக்குத் தனியாக நடுப் பந்தியில் நுனி இலை போட்டிருந்தாள். சுற்றிலும் எங்கள் இலைகளில் கோழிக் குழம்பு, வறுவல், நெய் மணக்கிற சோறு. அவர் இலையில் ஒரு பச்சை மிளகாய். இலைக்கு முன்னால் புதுச் சட்டியில் கம்பங்கூழ்.

வெங்கடபதி மிளகாயைப் பார்த்தார். என் இலையைப் பார்த்தார். திரும்ப மிளகாயைப் பார்த்தார்.

“ஏனுங்க, கையை நனைங்க” என்றாள் அக்கா. இவ்வளவு பணிவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. “ஐயா வெரதம் எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்களே. அன்னிக்கு ஒரு மாசம் கோழி அடிச்சு உங்களைப் பாவத்துல தள்ளிப்போட்டமுங்க. புஸ்தகத்தைப் படிச்சுத்தான் புத்தி வந்துது.”

“அது… அம்மா… புஸ்தகத்தில் ஒரு பாணிக்காக…”

“பெரியவங்க எழுதுனா எழுதுனதுதானுங்களே. சித்தே மோர் ஊத்தட்டுங்களா? மொளகா இன்னொண்ணு வெக்கறேன்.”

வைத்தாள். மருதாசலம் கோழிக் காலைக் கடித்தபடியே, முகத்தில் ஒன்றும் காட்டாமல், “ஐயா பொறந்த பொறப்பே பொறப்புங்க, எங்களால முடியுமா” என்றார். வெங்கடபதி கூழைக் குடித்தார். சத்தம் இல்லாமல் குடித்தார். ஒவ்வொரு தடவை வறுவல் வாளி அவரைத் தாண்டிப் போனபோதும் அந்தக் கண்கள் அதனுடன் பந்தியின் கோடிவரை போய்த் திரும்பின. கண்ணை மூடுகிற பழக்கம் அன்று உதவிக்கு வரவில்லை.

சாயந்திரம் புதுக் கொட்டகையிலேயே கச்சேரி. ஆர்மோனியத்தை ஒரு சிஷ்யன் வாசித்தான். பெரியவருக்குக் கால் வலி, பாட்டு மட்டும்தான். மிருதங்கத்துக்கு உள்ளூரில் பேர் எடுத்த ஒருவர். வெங்கடபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடி ஆரம்பித்தார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. விற்கிறவன் முகம் மட்டும் தெரியும். சரக்கு நல்லதாக இருந்தால் விற்கிறவன் வேறு எங்கேயோ பார்ப்பான். சொத்தையாக இருந்தால் நம் முகத்தையே பார்ப்பான். வெங்கடபதியின் இமைகள் முதல் பாட்டிலேயே துடித்தன. இடது கண் ஒரு கீற்றுத் திறந்தது. முதல் வரிசையைப் பார்த்தது. அங்கே பதினைந்து பேர் துண்டுக்குள் கை விட்ட மாதிரி உட்கார்ந்திருந்தோம். கண் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. இரண்டாவது பாட்டில் இரண்டு கண்ணும் திறந்துவிட்டன. ஒரு பிடி பிடித்துவிட்டுப் பார்த்தார். மருதாசலம் கொட்டாவிகூட விடவில்லை. குரல் கீழே போயிற்று. வார்த்தை முன்னே போயிற்று. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மச்சான் கல்லாக இருந்தார். “பரவால்லீங்க” என்று மெல்லச் சொன்னேன். “இன்னும் ரெண்டு பாட்டு. முடிஞ்சுது.”

அப்போதுதான் அந்த ஆள் பழைய பாட்டை எடுத்தார். காட்டுக்குள் வழி தவறிய ராஜகுமாரன் நிலாவைப் பார்த்து வழி கேட்கிற பாட்டு. கொடுமுடியில் ஊரையே அழ வைத்த பாட்டு. நாங்கள் கிராமபோனில் பழக்கியபோது அந்தத் தட்டு இல்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

பல்லவி இரண்டாம் தடவை வந்தபோது என் பக்கத்தில் என்னவோ அசைந்தது. மச்சானின் தலை. மெதுவாக, பழையபடி, மிருதங்கம் ஒரு பக்கம் அடிக்க அது கொஞ்சம் பிந்தி இறங்கியது. நான் முழங்கையால் இடித்தேன். அவருக்கு உடம்பே இல்லை, தலை மட்டும்தான் இருந்தது.

எல்லாம் போயிற்று என்று நினைத்து மேடையைப் பார்த்தேன். வெங்கடபதியின் கண்கள் இரண்டும் அகலத் திறந்து, என் மச்சானின் தலைமேல் நின்றன. தண்ணீரில் தத்தளிக்கிறவன் கயிற்றைப் பிடித்த மாதிரி. குரல் நிமிர்ந்தது. அன்றைக்கு முதல் தடவையாகப் பழைய கனம் வந்தது. கூட்டம் அசைந்து உட்கார்ந்தது. ஆனால் மிருதங்கக்காரர் மட்டும் திடுக்கிட்டுப் பாடகர் முகத்தைப் பார்த்தார். பாட்டு தாளத்தை விட்டு இறங்கி, கொஞ்சம் பிந்தி, தலை இறங்குகிற இடத்தில் எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. மிருதங்கக்காரர் ஒரு அடியை விழுங்கினார், இன்னொன்றை இழுத்தார், துரத்திக்கொண்டு ஓடினார்.

மருதாசலம் உதடு அசையாமல் என்னிடம் பேசினார். “ஏனுங்க பாலகோபாலு, என்னுங்க இது, நாயுடு தலை எக்கட்டால போவுதோ அக்கட்டாலதான் போறாரு பாட்டுக்காரரு. மூக்கணாங்கயிறு போட்டாப்பல.”

மச்சானுக்கும் காதில் விழுந்தது. தலை ஒரு கணம் தயங்கியது. பாட்டும் தயங்கியது. மச்சான் மேடையைப் பார்த்தார். தம்மேலேயே ஒட்டியிருந்த அந்தக் கண்களைப் பார்த்தார். அப்புறம் அவர் செய்ததுதான் அவர் பரம்பரை. தட்டிப் பார்த்தார். தலையைச் சற்று வேகமாக ஆட்டினார். ராஜகுமாரன் காட்டுக்குள் ஓட்டமெடுத்தான். நிதானமாக ஆட்டினார், நிலா நகராமல் நின்றது. இடது பக்கம் சாய்த்து ஒரு இழுப்பு இழுத்தார். வெங்கடபதி அதே இழுப்பை ‘ஆ’வென்று இழுத்தார். மிருதங்கக்காரர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

என் மச்சானின் முகத்தில் அப்போது வந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். நல்ல எருமை என்று பன்னிரண்டு வருஷம் தீனி போட்டதை, இப்போது முதல் தடவையாக வாயைத் திறந்து பல்லைப் பார்த்தவர் மாதிரி இருந்தார். கொடுமுடியில் அந்த ஆள் சொன்னது நிஜம்; மூடின இமையின் கீற்று வழியே இந்தத் தலையைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறான். நிஜத்தைச் சும்மா சொல்லிவிட்டு, பொய்யை அச்சடித்து விற்றிருக்கிறான்.

மச்சான் தலையை நிறுத்தினார். சரணத்தின் நடுவில், ஒரு சொல் பாதியில் தொங்கும்போது, சந்தை முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வெங்கடபதி அந்தச் சொல்லோடு நின்றார். அடுத்தது வரவில்லை. சிஷ்யன் ஆர்மோனியத்தில் அடியெடுத்துக் கொடுத்தான், வரவில்லை. கண்கள் கெஞ்சின. பதினைந்து முகமும் துண்டுக்குள் இருந்தன. கடைசியில் மிருதங்கக்காரர் இரக்கப்பட்டு முடிக்கிற தீர்மானத்தை வாசித்துப் பாட்டை நிறுத்தினார். எங்கள் ஜனம் மரியாதைப்பட்ட ஜனம், கை தட்டினார்கள். “நல்லா இருந்துதுங்க” என்றார்கள்.

மச்சான் எழுந்தார். என் கையில் குடோன் சாவியை வைத்தார்.

“பார்சல் வந்துருச்சு மாப்ளே. எடுத்துட்டு வா.”

“எரிக்கறதுன்னீங்க?”

“எதுக்கு? காசு குடுத்து வாங்குனது.”

கட்டுகளை வாசலுக்குக் கொண்டுவந்து பிரித்தோம். தாம்பூலப் பையோடு ஒவ்வொருவர் கையிலும் அவரே புத்தகத்தைக் கொடுத்தார். “நூத்திப் பன்னெண்டாம் பக்கம் மொதல்ல படிங்க. அதுல வாற இரும்புத் தலை நாந்தானுங்க. படிச்சுப்போட்டு, இன்னிக்குக் கண்ணால பாத்ததையும் வெச்சுப் பாருங்க” என்றார். வாங்கினவர்கள் வாசலிலேயே பிரித்தார்கள். விளக்கடியில் கும்பல் கும்பலாக நின்று படித்தார்கள். மருதாசலம் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார். நான் அவரை அறிந்த நாளாக, அன்றுதான் அந்த முகம் சிரித்துப் பார்த்தேன்.

வெங்கடபதி சால்வையோடு வெளியே வந்தார். கூட்டத்தையும் எல்லார் கையிலும் தம் முகத்தையும் கண்டு கொஞ்சம் தெம்பு வந்தது. “அட, வந்துருச்சா முதலாளி! கையெழுத்துப் போடணுமா?”

“எனக்கு ஒண்ணுல போதுமுங்க” என்று மச்சான் தம் பிரதியைப் பிரித்து நீட்டினார். “இந்தப் பக்கத்துல.”

வெங்கடபதி பேனாவைத் திறந்தார். பக்கத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் மச்சானின் தலையைப் பார்த்தார். புதுப் பவுண்டரியைப் பார்த்தார். அந்தப் பழைய இரும்புக் கடை எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தட்டியிருக்க வேண்டும்.

“பேரு…” என்றார். “என்ன பேரு போடட்டுங்க?”

அவர் வாயில் ‘ங்க’ வந்தது அதுதான் முதல் தடவை.

“பேரு நெனைவில்லைன்னு நீங்களே எழுதியிருக்கறீங்களே” என்றார் சுந்தரராஜுலு. “இரும்புத் தலைன்னே போடுங்க.”

போட்டார். அந்தப் புத்தகம் முழுவதிலும் சாட்சி வைத்து அவர் எழுதின வார்த்தை அது ஒன்றுதான்.